ஏரி இல்லாத ஊரின் தாமரைத் தேன்

நாவலேரி என்ற ஊரில் ஏரி கிடையாது, மதகு மட்டும்தான் இருந்தது. பழைய பேட்டரிகளை உருக்கும் கம்பெனிக்காக ஏரியை மண் கொட்டித் தூர்த்தபோது, கருங்கல்லால் ஆன அந்த மதகை இடிக்க வந்த இயந்திரத்தின் பல் உடைந்து, மாற்றுப் பல்லும் உடைந்து, கடைசியில் ஓட்டி வந்தவனே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டதால், அதை அப்படியே விட்டு அதன் இரண்டு பக்கமும் தார்ச்சாலையைப் பிரித்துப் போட்டார்கள். இந்தப் பக்கம் நின்று குனிந்து பார்த்தால், ஒரு தலை நுழையும் அளவுக்கு இருந்த மதகுக் கண் வழியே அந்தப் பக்கத்துச் சாலையும், அதற்கப்பால் கம்பெனியின் மதில்சுவரும், சுவருக்கு மேலே புகைபோக்கியும் தெரியும். அஞ்சலாட்சி தன் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த தேன்பெட்டிகளிலிருந்து காலையில் கிளம்புகிற தேனீக்கள் ஒரு கயிறு போல நீண்டு வந்து அந்தக் கண்ணுக்குள் நுழைந்தன. அந்தப் பக்கம் அவை வெளியே வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, காலெல்லாம் மகரந்தம் அப்பியிருக்க, அதே கண் வழியே இந்தப் பக்கம் திரும்பி வந்தன.

இதை முதலில் பார்த்தவர்கள், ஷிப்டுக்குப் போக வேனுக்காக நின்றிருந்த ஆட்கள். ஒருவன் குனிந்து பார்த்து, "உள்ள பூந்தது வெளிய வர்லியே" என்றான். இன்னொருவன், "சாயங்காலம் வரும்" என்றான். சாயங்காலம் வந்தன. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சைக்கிளில் போகிறவர்கள் மதகுப் பக்கம் வரும்போது அந்தத் தேனீக் கயிறு அறுந்துவிடாமல் தலையைத் தாழ்த்திக்கொள்ளப் பழகினார்கள். வேனின் டிரைவர் அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டான்.

அஞ்சலாட்சிக்கு லோகேஸ்வரி என்று ஒரே மகள் இருந்தாள். ஏரி இருந்தபோது பிறந்தவள், ஏரி போன பிறகு மூன்றாம் வகுப்பு படிக்கையில் இறந்தாள். புகைபோக்கி மூச்சுவிடத் தொடங்கிய நாளிலிருந்து ஊரில் எல்லா வாசலிலும் விடியும்போது யாரும் போடாத கோலம் போலச் சாம்பல் படிந்திருந்தது. அதில்தான் பிள்ளைகள் புரண்டன, அது விழுந்த தொட்டித் தண்ணீரைத்தான் குடித்தன. லோகேஸ்வரிக்கு முதலில் வயிற்றுவலி வந்தது, பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு படித்த எழுத்து மறந்தது, டீச்சர் முட்டி போட வைத்தார். பிறகு வலிப்பு வந்தது, வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் காரீயம் என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்குத் தன் அம்மாவின் பேரும் மறந்துபோயிருந்தது.

அவள் அப்பா முனிரத்தினம் அதே கம்பெனியில்தான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். மகளை எரித்துவிட்டு வந்த வாரம் வீட்டில் கிடந்தான், அடுத்த வாரம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனிடம் அஞ்சலாட்சி ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சம்பளத்தில் வாங்கிய அரிசியைத்தான் அவளும் வடித்தாள். மகளிர் குழுவில் தேன்பெட்டி கொடுத்தபோது, வீட்டில் ஏதாவது சத்தம் இருந்தால் தேவலை என்று தோன்றித்தான் வாங்கிவந்து வைத்தாள். அந்தப் பெட்டிகளின் வாசல், அவள் யோசித்து வைக்காமலே, மதகைப் பார்த்து இருந்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றுவலி வரவே, ஊரில் சில தாய்மார்கள் சேர்ந்து தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். அஞ்சலாட்சியின் அடுத்த வீட்டு அமுலு அதில் முதல் கையெழுத்து. அவள் மகள் யுவஸ்ரீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்தால், அது லாரியில் வந்த வெளியூர் மண் என்றது கம்பெனி. ரத்தத்தைச் சோதித்தால், பிள்ளைகள் சுவரிலிருந்த பெயிண்டைச் சுரண்டித் தின்றிருக்கும் என்றது. கடைசியில் தீர்ப்பாயமே ஒரு வழி சொன்னது. தேனீ சுற்றுவட்டாரம் முழுக்கப் பறந்து பூவுக்குப் பூ தொட்டு வருகிறது, அது யார் பக்கமும் சாயாது, அந்த ஊர்த் தேனைச் சோதித்துவிடலாம் என்றது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. அதிகாரிகள் வந்து அஞ்சலாட்சியின் பெட்டியிலிருந்து தேன் எடுத்து, பாட்டிலுக்கு அரக்கு வைத்து, பெட்டிக்காரி என்ற முறையில் அவளையும் ஜீப்பில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் ஜெசிந்தா என்ற பெண் இருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, ரப்பர் தோட்டத்துத் தேன்பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள். தேனைத் தண்ணீரில் கரைத்துச் சுழலும் இயந்திரத்தில் வைத்தால் மகரந்தம் அடியில் தங்கிவிடும் என்றும், அந்த வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் தேனீ போன பூக்களின் பேரெல்லாம் சொல்லிவிடலாம் என்றும், இன்னொரு பங்கை அமிலத்தில் காய்ச்சி, சூரியனைவிடச் சூடாக எரியும் ஒரு தீயில் தெளித்தால் அதற்குள் இருக்கிற உலோகம் ஒவ்வொன்றும் தனக்குரிய வெளிச்சத்தைக் காட்டிவிடும் என்றும் அவள் அஞ்சலாட்சிக்கு விளக்கினாள். வேலை முடிந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, காரீயம் இல்ல. துளிகூட இல்ல. இவ்வளவு சுத்தமான தேன் நான் பார்த்ததில்ல."

"அதெப்படி?" என்றாள் அஞ்சலாட்சி.

"உங்க ஊர்ல தாமரை இருக்கா?"

"ஏரி இருந்தப்போ இருந்துச்சி."

"அல்லி?"

"அதுவும்."

"நாவல், மருத மரம்?"

"கரை ஓரமா வரிசையா இருந்துச்சி. தூர்த்தப்போ எல்லாத்தையும் வெட்டிட்டாங்க."

ஜெசிந்தா தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டாள். "அப்போ அதுக்கு முந்தின வருஷத்துக்குப் போயிட்டு வருது" என்றாள், தேனீக்கள் பக்கத்து ஊர்த் தோப்புக்குப் போய்வருகின்றன என்பதுபோல. பிறகு பென்சிலைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. இதுல கனகாம்பரம் இருக்கு. கனகாம்பரத்துக்குத் தேனீ போகாது அக்கா. பூவோட குழல் அவ்வளவு நீளம், நாக்கு எட்டாது."

அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். ஜெசிந்தா நகர்ந்து இடம்விட, நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் உருண்டையும் முள்ளுமாகக் கிடந்த எத்தனையோ துகள்களுக்கு நடுவில், நெல்மணி போல நீண்டு, மேலெல்லாம் கோடு ஓடிய சில துகள்கள் கிடந்தன.

"எம் பொண்ணு," என்றாள் அஞ்சலாட்சி, கண்ணை எடுக்காமல். "பின்பக்கம் கனகாம்பரச் செடி வச்சிருந்தா. தேனீங்களுக்குப் பசிக்கும்னு சொல்லி வெல்லத்தைக் கரைச்சிப் பூவு மேல ஊத்துவா. எறும்பு மொய்க்குதுடீன்னு திட்டுவேன். கேக்க மாட்டா."

"அப்போ சரிதான்" என்றாள் ஜெசிந்தா. அந்தப் பூவின் பேரையும் எழுதிக்கொண்டாள். அதன்பின் அன்று அவள் வேறு யாருக்கும் நுண்ணோக்கியைத் தரவில்லை. அஞ்சலாட்சி போதும் என்று தலை தூக்கும்வரை, கைகளைத் துடைப்பதும், துடைத்த கண்ணாடிகளையே மறுபடி துடைப்பதுமாக இருந்தாள்.

செய்தி ஊருக்கு வந்தது. தேனீக்கள் ஏரி இருந்த கடைசி வருஷத்துக்குப் போய்வருகின்றன என்றபோது, அதுதான் தெரிந்ததாயிற்றே, வேறெங்கே போகும் என்பதுபோல ஊர் கேட்டுக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து அஞ்சலாட்சியின் வாசலுக்குக் கிண்ணத்தோடு ஆள் வர ஆரம்பித்தது. கம்பெனி விபத்தில் காலை இழந்த ஒருவன் ஒரு கரண்டி தேனை வாயில் வைத்துக்கொண்டு, இல்லாத காலின் விரல்களை ஒவ்வொன்றாக அசைப்பதாகச் சொல்லி அழுதான். அந்த வருஷம் புருஷனிடம் நாள் தவறாமல் அடிவாங்கிய ஒருத்தி, அந்த வருஷத்துச் சங்காத்தமே வேண்டாம் என்று கிண்ணத்தைத் தொடாமல் போய்விட்டாள். ஏரியில் தாமரைக் குத்தகை எடுத்திருந்த நடுத்தெருக் குடும்பம், தங்கள் அப்பாவின் தாமரையிலிருந்துதானே எடுத்துவருகின்றன, எனவே தேனில் பாதி தங்களுக்கு வரவேண்டும் என்று பஞ்சாயத்தில் கேட்டது. அந்த ஏரியின் படித்துறையில் எங்களைக் கால் நனைக்கவே விட்டதில்லையே என்று அஞ்சலாட்சியின் தெருவே திரண்டு போய்க் கேட்டது. தேனீ எந்தப் படித்துறையில் இறங்குகிறது என்று யாராலும் நிரூபிக்க முடியாததால் பஞ்சாயத்து கலைந்தது. அதற்குப் பிறகு நடுத்தெருப் பெண்கள் இருட்டுகிற நேரத்தில் முக்காட்டோடு வந்து வாங்கிப்போனார்கள்.

முனிரத்தினம் வேலை முடிந்து வந்ததும் குளித்து, தலை துவட்டி, அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு விரலைத் தேனில் தொட்டு நாக்கில் வைப்பான். வைத்துவிட்டு வெகுநேரம் வாயைத் திறக்காமல் இருப்பான். மகள் போன பிறகு அவன் முகம் தளர்ந்து அஞ்சலாட்சி பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

கம்பெனிக்கு அந்தச் சோதனை முடிவு வேறுவிதமாக இனித்தது. காரீயம் இல்லை என்று அரசு முத்திரையோடு வந்துவிட்டது. காற்றும் பூவும் மண்ணும் சுத்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று வக்கீல் கேட்டார். பொங்கலுக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் எங்கிருந்தோ வாங்கிய தேனைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைத்து, கம்பெனியின் படம் ஒட்டிக் கொடுத்தார்கள். இதுவரை பகலில் மட்டும் விட்ட புகையை இப்போது ராத்திரியிலும் விட்டார்கள்.

அமுலு அந்த பாட்டிலைக் கொண்டுவந்து அஞ்சலாட்சியின் முன்னால் வைத்தாள். "யக்கா, நம்ம தேனே நமக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அஞ்சலாட்சிக்குத் தாங்கவில்லை.

அந்த நாட்களில் அஞ்சலாட்சிக்கு வேறொரு யோசனை பிடித்துக்கொண்டிருந்தது. தேனீ அங்கே போகிறது, மகள் லோகுவின் செடியில் உட்காருகிறது. அப்படியானால் அதனிடம் ஒன்று சொல்லியனுப்ப முடியாதா? காலையில் பெட்டியைத் திறக்கும்போது, "இந்த ஊரே வாணாம்னு சொல்லு, உங்க அம்மாவையும் நைனாவையும் இழுத்துக்கினு எங்கியாவது ஓடிப்போயிடுன்னு சொல்லு" என்று பெட்டியின் வாசலில் வாயை வைத்துச் சொன்னாள். தேனீக்களுக்கு வார்த்தை தங்கவில்லை. நூல் கட்டிப் பார்த்தாள், வழியிலேயே உதிர்ந்தது. கடைசியில் ஈர்க்குச்சியின் நுனியைக் குங்குமத்தில் தோய்த்து, கிளம்பத் தயாராக நின்ற ஒரு தேனீயின் முதுகில் பொட்டு போல ஒற்றினாள். அது சிலிர்த்துக்கொண்டு மற்றவற்றோடு மதகுக் கண்ணுக்குள் போயிற்று.

அன்று மத்தியானம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஏரி இருந்த அந்தக் கடைசி வருஷத்தில் இதேபோல் முறத்தோடு உட்கார்ந்திருந்தபோது, லோகு பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து, "எம்மா, எம்மா, ஒரு தேனீ பொட்டு வச்சிக்கினு வந்துகீதும்மா" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். "தேனீக்கு ஏதுடி பொட்டு? போடி அந்தாண்ட, அரிசியில மண்ணு விழப்போவுது" என்று தான் சொன்னதும், பிள்ளை ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, நான் பொய் சொல்லவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போனதும், அந்தப் பாவாடையின் பின்பக்கம் சேறு அப்பியிருந்ததும் அப்படியே வந்து நின்றன. இந்த ஞாபகம் நேற்றுவரை தன்னிடம் இருந்ததா, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

முறத்தை அவள் இறக்கி வைத்தாள். அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஆயிரம் தேனீக்களுக்குப் பொட்டு வைத்து அனுப்பினாலும் அத்தனையும் போய்ச் சேர்ந்திருக்கும். பிள்ளை அத்தனையையும் பார்த்து ஓடிவந்து சொல்லியிருக்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அஞ்சலாட்சிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மறுவருஷம் ஏரியைத் தூர்க்க லாரிகள் வந்துதான் இருக்கும். நடந்தது நடந்ததாகவே அங்கே இருந்தது, தேனீக்கள் அதைத் தொட்டுவிட்டு மட்டும் வந்தன.

அடுத்த சில நாளில் யுவஸ்ரீ எழுத்து மறந்தாள். சிலேட்டைக் கொண்டுவந்து அமுலு அஞ்சலாட்சியிடம் நீட்டினாள். "நேத்து வரைக்கும் அவ பேரை எழுதினாக்கா. இன்னிக்குக் கோடுகூட வரல. வயிறு வலிக்குதுன்னு சுருண்டுக்கினு கெடக்குறா." சிலேட்டில் பலப்பம் அழுத்தி இழுத்த வெள்ளைக் கிறுக்கல் மட்டும் இருந்தது. அஞ்சலாட்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வக்கீலு கிட்ட சொல்லி இன்னொரு வாட்டி தேனெடுக்க உத்தரவு வாங்கு" என்றாள்.

"எத்தினி வாட்டி எடுத்தாலும் அதே தேன்தானே வரும்?"

"வாங்குன்றேன் இல்ல."

அன்று சாயங்காலம் முனிரத்தினம் வரும்போது அவள் பின்பக்கத்தில் களிமண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே எதற்கென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிபன் டப்பாவை அப்படியே மண்ணில் வைத்துவிட்டு எதிரில் குந்தினான்.

"அஞ்சல, வாணாம்."

அவள் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அதை அடைச்சிட்டா நம்ம கையில இன்னா கீது சொல்லு. ஒரு சொட்டு. நாளைக்கு ஒரு சொட்டுதான் நான் கேக்குறேன். வேற எதனா கேட்டனா உன்ன?"

"அமுலு பொண்ணு பேரை மறந்துட்டா."

"அதுக்கு நாம இன்னா பண்றது?"

"அந்தாண்ட தேன் நல்லா கீதுன்ற வரைக்கும் இந்தாண்ட பொகை நிக்காது. இந்தாண்டப் பூவுல உக்காந்துட்டு வந்தாத்தான் தேனீ இந்தாண்ட சேதியைச் சொல்லும்." அவள் மிதிப்பதை நிறுத்தினாள். "எனக்கு மட்டும் ஆசையா? நீயாவது நாக்குல வச்சிக்கிற. நான் அதையும் வைக்கிறதில்ல. வச்சா அதுக்கப்புறம் சோறே எறங்காதுன்னு பயந்துக்கினு கெடக்கேன்யா."

முனிரத்தினம் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்போ என் வேலை பூடும்" என்றான். அது அவள் மனத்தை மாற்றுவதற்காகச் சொன்ன பேச்சு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் களிமண்ணைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். பின்னாலேயே அவனும் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தேனீக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவள் மதகுக் கண்ணின் ஓரங்களில் மண்ணை வைத்து அடைத்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு விரல் நுழையும் துளையை மட்டும் விட்டாள். அதில் கன்னத்தை ஒட்டினால் ஈரக் காற்று வந்தது, பாசி வாசம் அடித்தது, தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. இருவரும் மாறி மாறிக் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் சத்தம் கேட்கிறதா என்று அவன் மூச்சை அடக்கிக் கேட்டான். கேட்டதா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கால் இழந்தவன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான், முக்காடு போட்ட பெண்கள் வந்தார்கள், ஊரில் பாதி வந்துவிட்டது. சிலர் மண்ணை வாரி அவள் மேல் தூற்றினார்கள். அடைக்காதே என்று ஒருவன் கூடையை உதைத்தான். அமுலு மடியில் சுருண்டு கிடந்த பிள்ளையோடு வந்து மதகின் மேல் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்த பிறகு யாரும் கூடையைத் தொடவில்லை. தேனீக்களின் கயிறு மெலிந்து நூலாகி, நூலும் அறுந்து, ஒவ்வொன்றாக வந்தன. பிறகு வருவது நின்றது. அவள் கடைசிப் பிடி மண்ணைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வர்ல" என்றான் முனிரத்தினம்.

அவள் காத்திருந்தாள். மதகின் கல் சூடு ஆறியது.

"அதுங்க அங்கியே இருக்கட்டும்" என்றாள், துளையை அடைத்தாள்.

மறுநாள் தேனீக்கள் அந்தக் களிமண்ணின் மேல் மொய்த்துக்கொண்டு நடந்தன. பல நாள் அப்படியே நடந்தன. பிறகு பசி தாங்காமல் மதகுக்கு மேலே எழும்பிச் சாலையைத் தாண்டின. மதில் ஓரத்து எருக்கையும் ஆவாரையையும் சீமைக் கருவேலத்தையும் கண்டுபிடித்தன. அவை கொண்டுவந்த தேன் கறுத்து, தண்ணியாக இருந்தது. அதிகாரிகள் அதை எடுத்து அரக்கு வைத்துக் கொண்டுபோனார்கள். ஜெசிந்தா அந்தத் தீயில் அதைத் தெளித்தபோது, திரையில் காரீயத்தின் கோடு எழும்பி எழும்பி மேல் விளிம்பைத் தொட்டது. அவள் இயந்திரத்தை நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நுண்ணோக்கியில் கருவேலமும் எருக்கும் இருந்தன. நெல்மணி போன்றவை இருக்கின்றனவா என்று, வேலைக்குத் தேவையில்லாவிட்டாலும், எல்லாச் சில்லுகளிலும் தேடிப் பார்த்தாள்.

தீர்ப்பாயத்தில் கம்பெனியின் வக்கீல், இரண்டும் வேறு வேறு இடத்துத் தேன், இரண்டாவதில் மோசடி இருக்கிறது என்றார். தலைவர் அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார். அவள் வளையல் சத்தம் கேட்காதபடி முந்தானையால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல் தேனை எங்கேயிருந்து எடுத்தீங்கம்மா?"

"அதே பொட்டிங்க. அதே எடம்."

"அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

"அப்போ அப்பிடி இருந்துச்சிங்க. இப்போ இப்பிடி கீதுங்க."

தலைவர் முதல் சோதனையின் பூப் பேர்களை வாய்விட்டுப் படித்தார். தாமரை, அல்லி, மருதம், நாவல், கனகாம்பரம். படித்துவிட்டு, "இந்த நாவல் மரங்களெல்லாம் எப்போ வெட்டினது?" என்று பொதுவாகக் கேட்டார். "கட்டுமானம் தொடங்கறதுக்கு முன்னால சார்" என்று கம்பெனியின் வக்கீல் எழுந்து சொன்னார், சொன்னபிறகு உட்காரவும் முடியாமல் நின்றார். தலைவர் இரண்டு பாட்டில்களையும் தன் பக்கம் இழுத்து, ஒன்றின் மேல் 'முன்' என்றும் மற்றதன் மேல் 'பின்' என்றும் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.

தீர்ப்பு வந்து கம்பெனியின் உலை அணைந்தது. பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்திலிருந்து காரீயத்தை இழுக்கும் ஊசி போட்டார்கள். யுவஸ்ரீக்கு எழுத்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, ஆனால் நடக்கும்போது வலது கால் கொஞ்சம் இழுத்தது. ஆண்கள் வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். ஊரில் பலர் அஞ்சலாட்சியோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். கால் இழந்தவன் அவள் வீட்டைத் தாண்டும்போது கட்டையை ஓங்கி ஊன்றிப் போனான். மதகில் அடைத்த மண்ணை யாரோ ஒருநாள் தோண்டி எடுத்திருந்தார்கள். கண் வழியே சாலையும் மதிலும் அணைந்துபோன புகைபோக்கியும்தான் தெரிந்தன. பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் நடுங்கி நடுங்கி விழுந்தன. அஞ்சலாட்சி காலையில் அவற்றைத் துடைப்பத்தால் கூட்டாமல் கையாலேயே பொறுக்கினாள். மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் கடைசிப் பெட்டியும் சத்தமில்லாமல் ஆயிற்று.

முனிரத்தினம் வீடு கட்டும் இடங்களில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் சாயங்காலம் வெளியே மழை பெய்துகொண்டிருக்க, தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"நாவ மரத்துல ஒரு தேன்கூடு இருந்துச்சில்ல?" என்றான்.

குழம்புக் கரண்டியோடு அவள் நிமிர்ந்தாள். "எப்போ?"

"ஏரி இருந்த கடைசி வருசம். சின்னக் கூடு. புதுசா கட்டினது. பாப்பா கேட்டுச்சின்னு நான் ஏறினேன்."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள், கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று திரும்பிப் பார்ப்பதுபோல, அந்த மரமும், மதகுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்ட தேனீக்கள் கிளையில் கட்டிய வெள்ளைக் கூடும், கீழே அண்ணாந்து நின்ற பிள்ளையும் அவளுக்கு வந்துவிட்டன.

"ஏறின," என்றாள். "லுங்கியை மடிச்சிக் கட்டிக்கினு."

"கொட்டுச்சி."

"ஒரு கண்ணு மூடியே போச்சி உனக்கு. மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சி."

"பாப்பா பயந்துச்சா?"

"எங்க பயந்துச்சி? நைனா மூஞ்சி பன்னு மாதிரி கீதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிச்சி. சுண்ணாம்பு கொண்டாந்து தடவினதும் அதுதான்."

"ஆமா. தேன் மொழங்கை வரைக்கும் ஒழுவிச்சி. நக்கிக்கினே நின்னுச்சி."

இரண்டு பேரும் அதுவரை ஒருநாளும் நினைத்தே பார்த்திராத ஒரு நாள் அது. அதற்கு அப்புறம் என்னென்ன வந்தன என்று இருவருக்கும் தெரியும், அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. அந்த ஒரு நாளுக்குள்ளேயே நின்றுகொண்டு, வெயில் எப்படி அடித்தது, யார் யார் கரையில் போனார்கள், கூட்டை எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவன் கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டது. விளக்கைப் போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பாவாடை இன்னா கலரு?" என்றான் அவன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இரு," என்றாள். "வருது. இரு."